ஷாக்கப்சரும் மூவினமும்: போடி மலைச்சரிவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நண்பர் ஒருவர் தம் பழைய மஹிந்திரா ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்தினார். நின்றபோது வண்டி கம்பீரமாக இருந்தது. ஓடியபோது அந்தக் கம்பீரம் முழுவதும் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பில் இறங்கியது. "மெத்துன்னு போற மாதிரி நாலு ஷாக்கப்சர் பார்த்துச் சொல்லுங்க" என்றார். இதைவிடச் சிறிய கேள்விகளுக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்பதால், ஆய்வாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலில் சொல்லாராய்ச்சி. ஷாக் அப்சார்பர் என்னும் ஆங்கிலச் சொல், மலையேறிய குலுக்கலில் நடுவே இரண்டெழுத்து உதிர்ந்து ஷாக்கப்சர் ஆயிற்று. அதிர்வைத் தாங்க வந்த பொருளின் பெயரே அதிர்வைத் தாங்கவில்லை என்பதை ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. முன்னோடிகள்

பறம்பு மலையை ஆண்ட பாரி, முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்துவிட்டு வந்ததைக் கொடைமடம் என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். ஸ்பிரிங் இல்லாத தேரில் மலைப்பாதையில் போனவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஷாக்கப்சர் கிடையாது. ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வே ஆட்டத்தை அடக்கியது. அமெரிக்காவில் க்ளாட் ஃபாஸ்டர் என்பவர் காருக்கு ஹாரன் செய்து, எக்காளம் ஊதும் வானதூதர் கபிரியேலின் பெயரை அதற்கு வைத்தார். பின்னாளில் அதே பெயர் ஷாக்கப்சருக்கும் ஏறியது. 1961இல் இந்தியாவுக்கும் வந்தது. விபத்துக்கு முன் எச்சரிக்கவும் விபத்துக்குப் பின் தாங்கவும் ஒரே தூதரை நம்பினார்கள் போலும்.

உள்ளூர்ச் சான்று இன்னும் வலுவானது. வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கியது. அங்கிருந்து போடிக்கு வந்தது. அதாவது இந்தச் சரிவில் குலுங்காத பயணம் முதலில் கிடைத்தது தேயிலைப் பெட்டிக்கு.

3. ஆய்வுக்களம்

கொழுக்குமலை போடிநாயக்கனூர் வட்டத்தில் இருக்கிறது. ஆனால் போடிக்காரர் வண்டியில் அங்கே போக, போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லி வழியாகத் திரும்பவும் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும். சூரியநெல்லிக்குப் பிறகு ஜீப் மட்டுமே போகும். பாதை என்று அங்கே சொல்லப்படுவது, பாறைகள் சற்று விலகி நிற்க ஒப்புக்கொண்ட இடம். ஷாக்கப்சரைச் சோதிக்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது.

4. மூவினப் பாகுபாடு

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஒருமுறை அமுங்கினால் அது பலமுறை ஆடும். எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கி, அந்த ஆட்டத்தைச் சூடாக்கி வெளியே விடுவதுதான் ஷாக்கப்சரின் வேலை. அது மூவகைப்படும்.

மெல்லினம்: எண்ணெய் மட்டும் உள்ளது. சிறு குழிக்கு இதம். நெடுநேரம் கரட்டுப் பாதையில் ஓடினால் எண்ணெய் நுரைத்துவிடும். பிறகு ஜீப் தொட்டிலாகும்.

வல்லினம்: ஒற்றைக் குழாயில் மிகுந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்தது. எளிதில் நுரைக்காது, சூடும் விரைவில் தணியும். ஆனால் இலக்கணத்தில் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். இங்கே குத்து மிகும்.

இடையினம்: இரட்டைக் குழாய், குறைந்த அழுத்தத்தில் வாயு. பெயருக்கேற்ப நடுவே நிற்கும்.

இனத்தைவிட முக்கியம் உள்ளே இருக்கும் வால்வு. அமுங்கும்போது இளகியும் விரியும்போது இறுகியும் இருப்பது உத்தமம். அடுத்தது மாத்திரை, அதாவது நீளம். உயர்த்திய ஜீப்புக்குப் பழைய ஷாக்கப்சர் குறிலாகிவிடும். சக்கரம் குழியில் இறங்கும்போது முழுக்க நீண்டு 'டக்' என்று இழுக்கும். மிக நெடிலாக வாங்கினால், அமுங்கும்போது ரப்பர் கட்டை முட்டும் முன்பே ஷாக்கப்சர் அடிதட்டி உடையும். எனவே சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒருமுறையும், முழுக்க அமுக்கி ஒருமுறையும் அளந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

5. கள ஆய்வு

போடியில் ஒரு மெக்கானிக் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, அரை நிமிடத்தில் என் ஆய்வைக் கலைத்தார்.

"அண்ணே, ஷாக்கப்சரு நீளந்தான் பத்தல. தூக்கிப் போடுறது, வண்டிய ஒசத்தப் போட்ட பட்டை. ரெண்டு பேரு போற வண்டிக்கு எதுக்குண்ணே இத்தன பட்டை? ஒண்ணக் கழட்டுங்க, டயர்ல காத்தக் கொறைங்க. இல்லன்னா ஆள ஏத்துங்க."

பட்டையைக் கழற்றினால் உயர்த்திய உயரம் கொஞ்சம் இறங்கும். நண்பரின் முகமும் இறங்கும். எனவே மூன்றாவது யோசனையை ஆராய்ந்தேன். அதே ஸ்பிரிங்கின் மேல் எடை கூடக்கூட ஆட்டம் மெதுவாகும். விநாடிக்கு ஒன்று, ஒன்றரை ஆட்டம் என்றால் நடப்பதுபோல இதமாக இருக்கும். 4 முதல் 8 வரை போனால் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு தாங்காது. காலி ஜீப் உதைக்கும், நிறைந்த ஜீப் அசையும்.

இதை மெய்ப்பிக்க, மறுநாள் விடியுமுன் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் ஏறினேன். எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்பது ஆய்வு நெறி. பதில் சொல்லாதது ஓட்டுநர் நெறி. "நெருக்கி உக்காருங்க தம்பி, நெருக்கமா இருந்தா தூக்கிப் போடாது" என்றார் ஓர் அக்கா. போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளிலும் யாரும் விழவில்லை, விழ இடமில்லை. கோட்பாடு மெய்யாயிற்று.

தார் ரோடு முடிந்து எஸ்டேட் பாதை தொடங்கியது. எதிரே இருந்த அம்மா மடியிலிருந்த தூக்குவாளியை இரு கையாலும் சற்றே தூக்கிக்கொண்டார். ஒவ்வொரு குழியிலும் அவர் முழங்கை இளகி அமுங்கியது. இறுகி மெல்ல விரிந்தது. நான்காம் பகுதியில் உத்தமம் என்று எழுதிய வால்வு அதுதான்.

எத்தனை வருடமாகப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"கல்யாணமாகி வந்ததுலருந்து தம்பி. சாம்பார் சிந்துனதில்ல. இடுப்புதான் விட்டுப்போச்சு."

6. முடிவுகள்

நண்பருக்கு: இடையினம், நீளம் அளந்து, ஒரு பட்டை குறைவு, மலைப்பாதையில் டயருக்குக் காற்றும் குறைவு, தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் நிரப்பவும்.

மனித முதுகெலும்பில் எலும்புகளுக்கு இடையே 23 தட்டுகள் உண்டு. வயதாக ஆக அவற்றில் நீர் வற்றும். அவற்றுக்கு வல்லினம், மெல்லினம் என்ற பாகுபாடு கிடையாது. போடிக் கடைகளில் மாற்றும் கிடையாது. தேயிலைப் பெட்டிக்கு அன்றே கிடைத்த குலுங்காத பயணம், ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களுக்கு எப்போது கிடைக்கும் என்பது மேலாய்வுக்குரியது.