தோளில் ஏறும் ஓடம்

ஈஸ்டர் விடுமுறையென்றால் லண்டன்வாசி போர்த்திக்கொண்டு தூங்குவார். சிலருக்கு மட்டும் அது பொறுக்காது. வில்ட்ஷயரில் டிவைசஸ் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து கால்வாயிலும் தேம்ஸ் நதியிலுமாக வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரை 125 மைல் துடுப்பு போட்டு வருவார்கள். 1948இல் ஒரு பந்தயப் பணத்தில் பிறந்த வினை. நூறு மணி நேரத்துக்குள் முடியுமா என்று கேட்டார்கள். உள்ளூர்ச் சாரணர்கள் முடித்தே காட்டிவிட்டார்கள். 1979இல் இருவர் 15 மணி 34 நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள். என்ன அவசரமோ!

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள். இங்கே 77 இடங்களில் ஆள்மேல் ஏறுகிறது. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் லாக் கதவுகளைத் தாண்ட வேறு வழியில்லை. பெரியவர்களின் இரட்டையர் பிரிவில் இரவுத் தூக்கமும் கிடையாது. அவர்களைவிடப் பாவம், கரையிலிருக்கும் குடும்பம். நள்ளிரவில் காரில் துரத்திப்போய், பாலத்துக்குப் பாலம் சூடான சூப்போடு குளிரில் நிற்கவேண்டும். சாதனைப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது.

டெடிங்டன் என்ற இடத்துக்கு அப்பால் தேம்ஸ் கடலின் பேச்சைத்தான் கேட்கும். அலையேற்ற நேரம் தவறினால் கரையில் காத்திருப்புதான்.

பந்தயம் முடிவது நாடாளுமன்றத்துக்கு எதிரே. அந்த வட்டாரத்தில் கை கொப்பளிக்க உழைத்தவர்களைப் பார்க்க ஆசையா? ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்துக்குப் போங்கள். டிக்கெட் கிடையாது.