பழைய சாமான் பரீக்ஷை

சிங்கப்பூர்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பா அவர்களுக்கு,

ஆரணியில் தம்பி விளையாட்டுக் கம்ப்யூட்டர் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பதாகவும், புதிதாக வாங்கினால் நல்ல கோர்வைப் புடவையின் விலையைத் தாண்டிவிடுமே என்று தாங்கள் தயங்குவதாகவும், இந்த வயதில் எனக்கும் அதே பைத்தியம் பிடித்திருப்பதாக யாரோ கோள் சொன்னதால் என் அபிப்பிராயத்தைக் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கோள் உண்மைதான். பழைய உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேகரித்து ஒரு யந்திரம் பூட்டியிருக்கிறேன். அது ஓடவும் செய்கிறது.

தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயர் என்ற ஆறு மாடிக் கட்டடம் வரும். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, இவ்வூருக்கு அது அப்படி. அதற்குச் சமீபத்திலேயே, சுங்கை ரோட்டில், தரையில் விரித்துப் பழஞ்சரக்கு விற்கும் சந்தை ஒன்று பல தலைமுறைகளாக நடந்துவந்தது. 2017 ஜூலையில் சர்க்கார் அதை மூடிவிட்டார்கள். ஆகவே இப்போது பேரமெல்லாம் கைபேசியில் முடிந்து, ஏதாவதொரு எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் சரக்கு கைமாறுகிறது. டிக்கெட் கதவுக்கு உட்புறம் விற்பவர், வெளிப்புறம் நாம். வெளியே வந்தால் மறுபடியும் ரயில் கட்டணம் ஆகுமே என்று, கதவின் மேலாகவே பெட்டியை நீட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார். ‘அபூர்வமாகவே உபயோகித்தது’ என்ற வாசகம் இல்லாத விளம்பரமே கிடையாது. அத்தனையையும் நம்பினால், இந்தத் தீவில் ஒருவரும் கம்ப்யூட்டரைத் தொடுவதேயில்லை என்றுதான் முடிவு கட்ட வேண்டும்.

பழம் பட்டுப்புடவையை யாரேனும் கொண்டுவந்தால், தாங்கள் முந்தியின் பகட்டில் மயங்காமல், புடவையைப் புரட்டி மறுபுறத்து ஜரிகையைச் சுரண்டி, முலாமுக்கடியில் வெள்ளியும் வெள்ளிக்கடியில் சிவப்புப் பட்டிழையும் இருக்கின்றனவா என்று பார்ப்பீர்கள் அல்லவா? எனக்கு இங்கே கைகொடுத்தது அந்தச் சாஸ்திரமே. ரைசன் 5 3600 என்னும் பிராசஸர் 2019இல் வந்தது. சிறிய பிஸ்கோத்து அளவுதான், ஆனால் அடிப்புறத்தில் தங்க முலாம் பூசிய ஊசிகள் 1331 இருக்கின்றன. மேலேயுள்ள கூலரை அவசரக்காரர்கள் நேராகப் பிடுங்கும்போது, நடுவிலுள்ள பசை இறுகியிருப்பதால் பிராசஸரும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். எனக்கு வந்ததைப் புரட்டி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டினேன். ஓரத்தில் மூன்று ஊசிகள் மட்டும் தலை சாய்த்திருந்தன. அதைக் காட்டியதும் விற்பவர் மறுபேச்சில்லாமல் விலையைக் குறைத்தார். வீட்டுக்கு வந்து, மெக்கானிக்கல் பென்சிலின் வெறும் குழல்முனையை ஒவ்வொரு ஊசியிலும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்திவிட்டேன்.

கிராபிக்ஸ் கார்டின் பூர்வோத்தரம் சற்று விசித்திரமானது. ஈதிரியம் என்னும் கண்ணுக்குத் தெரியாத நாணயத்தைக் கணக்குப் போட்டுத் தோண்டுவதற்காக உலகெங்கும் இந்தக் கார்டுகளை இரவு பகலாக வாட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பரில் அந்த நாணயம் தோண்டும் முறையையே கைவிட்டதும், வேலை போன கார்டுகளெல்லாம் புதுப் பெட்டியில் புகுந்து குடும்பப் பெண் வேஷத்தில் சந்தைக்கு வந்துவிட்டன. காற்றாடி கரகரத்தாலும், உள்ளேயிருக்கும் தெர்மல் பேடிலிருந்து பலகையின் விளிம்பில் எண்ணெய் கசிந்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். நான் ஆர்.டி.எக்ஸ். 3060 ஒன்றை ஒரு கல்லூரி மாணவன் வீட்டிலேயே போய், ஓடவிட்டுப் பார்த்து வாங்கினேன். அவன் தன் சூரத்தனத்தையெல்லாம் காட்டி எதிரிகளை வீழ்த்திக்கொண்டிருந்தான். நானோ திரையில் நிறப்புள்ளிகள் சிதறுகின்றனவா, சூடு 80 டிகிரியைத் தாண்டுகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இந்த அங்கிளுக்கு ஆட்டத்தில் ரசனையே இல்லை’ என்று அவன் நினைத்திருக்கக்கூடும்.

ராம் என்னும் மெமரி எளிதில் கெடுவதில்லையாதலால் பழையதையே வாங்கலாம். ஆனால் செயற்கை நுண்ணறிவுக்கென்று கட்டப்படும் டேட்டா சென்டர்கள் மெமரிச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால், விற்பவர் தாம் அன்று வாங்கிய விலைக்கு மேலேயே கேட்கிறார். கேட்பதில் அவருக்குச் சிறிதும் கூச்சம் இல்லை.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த என் சம்சாரம், நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டாள். 1804இல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு தறிக்குச் செய்த துளையட்டைகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் என்பவர் தம் கணித யந்திரத்துக்கு அட்டை வைக்க எண்ணினார், ஆகவே இது நம் குலத்தொழிலின் கிளையே என்று விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ இதுல மாசம் ஒரு புடவையாவது இறங்குமா?” என்றாள்.

தம்பிக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எதன் குறை கண்ணுக்குத் தெரியுமோ அதைப் பழையதாக வாங்கலாம், எதன் குறை உள்ளேயே ஒளிந்திருக்குமோ அதைப் புதிதாகவே வாங்க வேண்டும். யந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். அந்த இரண்டாவது ஜாதி. அதற்குள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் வருஷக்கணக்கில் உலர்வது வெளியே தெரியாது. மட்டமானது ஒருநாள் வெடித்தால் தனியாகப் போகாமல், அருமையாகப் பொறுக்கிச் சேர்த்த மற்றவற்றையும் அழைத்துக்கொண்டு போகும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அவனை ரிச்சி தெருவுக்குத் தனியே அனுப்பாமல் தாங்களும் கூடப் போவது உத்தமம். பெயர்களை அவன் சொல்லட்டும். புரட்டிப் பார்ப்பதைத் தாங்கள் செய்யுங்கள். கடைக்காரர் ‘ஒரே கை ஓட்டியது’ என்று சத்தியம் செய்யும்போது, தாங்கள் ஒன்றும் பேசாமல் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாலே ஐந்நூறு ரூபாய் இறங்கிவிடும். யந்திரம் வீட்டுக்கு வந்தபின் தம்பி தினம் எத்தனை மணி விளையாடலாம் என்பதற்கு மட்டும் என்னிடம் சாஸ்திரம் இல்லை. இங்கே அந்த இலாகா என் சம்சாரத்திடம் இருக்கிறது. அங்கே சித்தியைக் கேட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை நாடும்
அண்ணன் மகன்