மெதூஸ் ராசி

கேள்வி: பிரெஞ்சுக் கடற்படைக்கு 'மெதூஸ்' ராசியில்லாத பெயரோ?

பதில்: பார்த்தவரைக் கல்லாக்கும் கிரேக்க அரக்கியின் பெயர் அது. ஆனால் பெயர்மேல் பழி போட மாட்டேன். இருபது வருஷம் கடலுக்கே போகாதவரை அரச விசுவாசத்துக்காகக் கேப்டனாக்கியதே குற்றம்! 1816 ஜூலையில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையருகே 'மெதூஸ்' கப்பல் மணல்திட்டில் தரைதட்டியது. கேப்டன் படகில் ஏறிக்கொண்டார். படகுகளில் இடமில்லாத 147 பேர் மிதவையில்; இடுப்பளவுத் தண்ணீர், குடிக்க ஒயின். மிதவையை இழுத்துச் சென்ற கயிற்றையும் படகிலிருந்தவர்கள் விட்டுவிட்டார்கள், பாவிகள். 13 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். அவர்களைக் கண்டுபிடித்த கப்பல் எது தெரியுமா? 'ஆர்குஸ்', அதாவது நூறு கண் கொண்ட கிரேக்கக் காவலன்! லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஜெரிக்கோ வரைந்த இந்த மிதவையின் ஓவியத்தில், அடிவானத்தில் புள்ளியாகத் தெரிவது அதுதான். பின்னாளில் 'மெதூஸ்' என்ற பெயரில் வந்த நீர்மூழ்கிக் கப்பலும் 1942 நவம்பரில் அமெரிக்கத் தாக்குதலில் அடிபட்டு, மொரோக்கோ கரையில் ஒதுங்கியது.