பேரன் புட்டமும் ஊர் வைத்தியமும்

எங்கள் நாகலாபுரத்தில் மழைக்குத்தான் பஞ்சம். வைத்தியத்துக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. பேரனுக்கு டயப்பர் கட்டிய இடம் வெந்து சிவந்திருக்கிறது என்ற சேதி, மகள் பஸ்ஸிலிருந்து பையை இறக்கி முடிப்பதற்குள் தெருக்கோடிக்குப் போய்விட்டது.

மேலவீட்டுப் பெரியம்மா விளக்கெண்ணெயோடு வந்தார். மதினி மஞ்சளை இழைத்துக் கொண்டுவந்தாள். மாமா ஒருவர், “எல்லாத்துக்கும் கேக்கும்” என்று ஒரு ட்யூபை நீட்டினார். அவருடைய படர்தாமரைக்குப் போட்டது போக மிச்சமாம். பவுடர் டப்பா கொண்டுவராத வீடே பாக்கியில்லை.

பங்குனி மாதம் வேறு. ஊரே மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் கையோடுதான் “எங்க காட்டு, பாப்போம்” என்று குனிந்தார்கள். சோப்பும் வாளித் தண்ணீருமாக நான் வாசலில் காவல் நின்றேன். சொந்தபந்தத்தைக் கை கழுவியவன் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.

கோவில்பட்டி டாக்டர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். ஈரத்தில் தோல் ஊறிப்போகிறது. மூத்திரம் தோலின் அமிலத்தன்மையைக் குறைக்க, மலத்திலுள்ள நொதிகள் வீரியம் பிடித்துத் தோலை அரிக்கின்றன. டயப்பருக்குள் இருக்கும் குருணை எங்கள் கரிசல் மண்ணைப் போல, ஊற்ற ஊற்றக் குடித்து உப்பும். பருத்திக்கு அந்த ஈரம் வரம், பேரனுக்கு வேக்காடு. “நல்லா நிறையட்டும்ப்பா, அப்புறம் மாத்தலாம்” என்று மகள் காத்திருந்ததற்குக் காரணம் டயப்பரின் விலை.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கொருமுறை மாற்ற வேண்டும். மலம் போனால் உடனே. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி, ஜிங்க் ஆக்ஸைடு பசையைக் கனமாகப் பூச வேண்டும். பவுடர் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும், கூடாது. மாமாவின் ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. அது குப்பைக்குப் போனது. தொடையிடுக்கில் அடர்சிவப்பும் சுற்றிலும் சின்னச் சின்னப் பொரிகளும் கண்டால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. மூன்று நாளில் குறையாவிட்டாலோ, கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, கட்டுத்துணி இல்லாமல் காற்றாடக் கிடக்க வேண்டும். என் பழைய வேட்டியைக் கிழித்து விரித்தோம். பேரன் அம்மணமாகக் கிடந்து, நலம் விசாரிக்கக் குனிந்தவர்களுக்கெல்லாம் பாரபட்சமில்லாமல் அபிஷேகம் செய்தான்.

“நீ மூணு வயசு வரைக்கும் இப்படித்தாம்லே தெருவில திரிஞ்ச. ஒனக்கு எங்க செவந்துச்சு?” என்று அம்மா, சம்பந்தி முன்னாலேயே கேட்டாள்.

சிவப்பு வடிந்துவிட்டது. விளக்கெண்ணெய்தான் கேட்டது என்கிறார் பெரியம்மா. மஞ்சள் என்கிறாள் மதினி. நான் யாரையும் மறுக்கவில்லை. கரிசக்காட்டுக் காற்று வந்து பேர் கேட்கவா போகிறது? மாமாதான் ட்யூபின் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.