பதினைந்து சதவீத வள்ளல்

எந்திரம் தேயும் என்று ஒப்புக்கொண்ட ஒரே காரணத்துக்காகவே நம் வருமான வரிச் சட்டத்துக்குக் கோவையில் சிலை வைக்கலாம். தகரக் கொட்டகைக்குள் ஜாப் ஆர்டர் எடுத்துப் பிழைக்கிற ஒருவர் பத்து லட்ச ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்கினால் சட்டத்தின் மனம் இளகிவிடுகிறது. முதல் ஆண்டு 15 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சத்தைத் தேய்மானம் என்று வருமானத்தில் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. அடுத்த ஆண்டு மிச்ச மதிப்பில் 15 சதவீதம். அதற்கடுத்த ஆண்டு அந்த மிச்சத்தின் மிச்சத்தில். ஐந்து வருடத்தில் வங்கிக் கடன் அடைந்திருக்கும், மெஷினும் முனக ஆரம்பித்திருக்கும். ஏட்டில் மட்டும் அது 4,43,705 ரூபாய் மதிப்போடு இளமை குன்றாமல் நிற்கும். பத்தாண்டு கழித்தும் ஏறக்குறைய இரண்டு லட்சம் பாக்கி இருக்கும். கொட்டகையில் வேறொரு மெஷின் இருந்துவிட்டால், இது காயலான் கடைக்குப் போன பிறகும் இதன் மிச்சம் கணக்கில் வாழ்ந்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் சிறு தொழில்காரர், ஓர் உச்சவரம்புக்குள், முழு விலையையும் வாங்கிய ஆண்டிலேயே கழித்துக்கொள்ள 179-ஆம் பிரிவு விடுகிறதாம். அவசரக்காரர்கள். நிதானத்தின் அருமை அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

நாள் நட்சத்திரம் பார்ப்பதிலும் நம் சட்டம் கெட்டி. மெஷின் அந்த நிதியாண்டில் 180 நாளாவது ஓடியிருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் பதினைந்து, ஏழரை ஆகிவிடும். ஏழரை! இதை எழுதியவர்களுக்கு ஜாதகம் தெரியாது என்று யார் சொன்னது? மார்ச் 31-இலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் அக்டோபர் 3-இல் வந்து நிற்கும், லீப் வருடமென்றால் 4-இல். புது மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு ஆயுத பூஜையில் ஓடவிடுவது நம் பக்க வழக்கம். 2023-இல் ஆயுத பூஜை அக்டோபர் 23, 2024-இல் அக்டோபர் 11. அந்த இரண்டு வருடமும் பூஜை வரைக்கும் பொறுத்திருந்த பக்தர்களுக்குப் பாதிப் பிரசாதம்தான். 2025-இல் சரஸ்வதியே அக்டோபர் 1-ஆம் தேதி வந்து ஆடிட்டரோடு சமாதானமாகப் போனாள்.

பில் தேதியைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வாங்கிய தேதி இல்லை, ஓட்டிய தேதிதான் கணக்கு. மெஷின் வந்து இறங்கி, மின் இணைப்பு வருவதற்குள் மழைக்காலமே முடிந்துபோனால் அந்த நாளெல்லாம் சட்டத்தின் கண்ணில் சும்மா இருந்த நாள். கடன் கொடுத்த வங்கி அப்படிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். நியாயமாக ஒன்றும் சொல்லிவிட வேண்டும். கிடைக்காத பாதி பறிபோகாது, ஏட்டில் மதிப்பாக உட்கார்ந்து பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வட்டி மட்டும் கிடையாது.

ஆனால் இந்த வள்ளன்மையின் உச்சத்தைப் பார்க்க 2013-க்குப் போக வேண்டும். புது எந்திரத்தில் முதலீடு செய்யும் உற்பத்தி நிறுவனங்களுக்கு, தேய்மானம் போக, இன்னொரு 15 சதவீதம் கழிவு என்று ப. சிதம்பரம் பட்ஜெட்டில் அறிவித்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. முதலீடு 100 கோடிக்கு மேல் இருக்க வேண்டும். கொட்டகைக்காரர்கள் இதைக் கேட்டு வருந்தியிருப்பார்கள் போலிருக்கிறது. மறு ஆண்டே அருண் ஜேட்லி, சிறிய தொழில்முனைவோரையும் ஊக்குவிக்க வேண்டும் என்று சொல்லி, வரம்பை ஆண்டுக்கு 25 கோடியாக இறக்கினார். அப்போது நடப்பில் இருந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்திர முதலீடு 5 கோடியைத் தாண்டினால் உற்பத்தியில் அது சிறுதொழிலே இல்லை. 10 கோடியைத் தாண்டினால் நடுத்தரத் தொழிலும் இல்லை. ஒரே ஆண்டில் 25 கோடிக்கு மெஷின் வாங்குகிறவரைச் சிறியவர் என்று தோளில் தட்டிக் கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அதைவிடச் சிறியவர்கள் கண்ணில் படவில்லை என்றால், அது கண்ணின் குற்றமா, அவர்கள் உருவத்தின் குற்றமா?

கணக்குப் புத்தகம் எழுத முடியாதவருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. இரண்டு கோடி ரூபாய் வரை வரவு உள்ளவர், அதில் 8 சதவீதத்தை லாபமென்று காட்டி வரி கட்டிவிட்டுப் போகலாம். வங்கி வழியாக வந்த பணமென்றால் 6 சதவீதம் போதும். தேய்மானம் கேட்க முடியுமா? கேட்கவே தேவையில்லை, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளப்படும். அதோடு விடாமல், ஆண்டுதோறும் நீங்கள் தேய்மானம் எடுத்ததாகவே பாவித்து மெஷினின் ஏட்டு மதிப்பையும் குறைத்துவிடுவார்கள். இலை போடாமலே விருந்து முடிந்து, ஏப்பத்தையும் நம் பெயரில் எழுதிக்கொள்கிற உபசாரம் இது.

பழைய லேத்தைத் தரகர் மூலம் ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர்களிடம் சட்டம் காட்டுவது ஞானிகளின் பார்வை. ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை மெஷினின் அடக்க விலையில் சேராது. லேத் சுற்றும், இரும்புச் சுருள் காலடியில் குவியும், கணக்கில் மட்டும் எல்லாம் மாயை.

வாங்கத்தானே இத்தனை தொல்லை, குத்தகைக்கு எடுக்கலாமே என்றால் அங்கேயும் அன்புதான். கடனில் வாங்கினால் மாதத் தவணையில் வட்டி மட்டும் செலவாகும், அசல் ஆகாது. குத்தகையில் வாடகை முழுவதும் செலவு. இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்கும் முன், தேய்மானம் யாருக்கு என்று பார்த்துவிட வேண்டும். குத்தகைக்கு விட்ட நிறுவனத்துக்கு. வண்டி, ஓட்டுகிறவர் பெயரில் பதிவாகியிருந்தாலும் தேய்மானம் குத்தகை நிறுவனத்துக்கே என்று 2013-இல் ஐ.சி.டி.எஸ். வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மேலே ஜி.எஸ்.டி. உண்டு. இணக்க வரித் திட்டத்தில் இருக்கிற சிறு உற்பத்தியாளர், வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யையும் வாடகையோடு கட்டியதையும் திரும்ப எடுக்க முடியாது. சுலபமான திட்டம் வேண்டுமென்று அவர்தானே கேட்டார்?

இப்போது புதிய வரி முறை வந்திருக்கிறது. புது மெஷினுக்குப் பழைய முறையில் கிடைத்த 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் இதில் கிடையாது. பதிலுக்கு, 2025-26-இலிருந்து 12 லட்சம் வரை வருமானமுள்ள தனிநபருக்கு இந்த முறையில் பொதுவாக வரியே இல்லை. ஆக, கொட்டகைக்காரர்களில் பலருக்குத் தேய்மானம் இனி எதையும் மிச்சப்படுத்தாது, மிச்சப்படுத்த வரியே இல்லாததால். மெஷின் விலையும் வட்டியும் ஜி.எஸ்.டி.யும் மட்டும் பழையபடி இருக்கும்.

இத்தனையையும் விளக்கிச் சொல்ல ஆடிட்டர் வாங்குகிற கட்டணம் இருக்கிறதே, புத்தகம் எழுதி வரி கட்டுகிறவர் அதை அந்த ஆண்டிலேயே நூற்றுக்கு நூறு கழித்துக்கொள்ளலாம். 180 நாள் நிபந்தனைகூட இல்லை.