செண்ட் தரும் எண்ணுக்கு ஓர் உரை

1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு சாக்கெட் வெளிவந்தது. அதில் தரவை அனுப்பும் செண்ட் அழைப்பு திருப்பித் தரும் எண்ணுக்கு நம் புலவர் எவரும் உரை எழுதாதது பெருங்குறை. யாரும் கேட்டுக்கொள்ளாத நிலையில் அக்குறையை நீக்க நாமே முன்வந்தோம்.

நிரலர் 10,000 பைட்டை நீட்டுகிறார். செண்ட் '10,000' என்கிறது. போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள் கொள்வர் இளம்பள்ளியினர். அது வழு. கர்னலின் பஃபரில் அவ்வளவும் நகலாகிவிட்டன என்பது மட்டுமே பொருள். அரசு அலுவலகத்துத் தபால் பிரிவில் மனுவின் மேல் முத்திரை குத்தித் தருவார்களே, அவ்வளவு உறுதிதான். எதிர்முனைக் கணினி அப்போதுதான் கரண்ட் போய் அணைந்திருந்தாலும் செண்ட் முகம் மாறாமல் அதே எண்ணைச் சொல்லும்.

இடத்துக்காகக் காத்திராத நான்-பிளாக்கிங் சாக்கெட்டில் சிலபோது '4,380' என்றும் சொல்லும். மீதி 5,620 எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, நிரலர் கையிலேயே இருக்கிறது. லூப் போட்டு அனுப்ப வேண்டியவர் அவர்தான். இச்சிறு எண் சொந்த மடிக்கணினியில் எளிதில் தலைகாட்டாது, வாடிக்கையாளர் முன்னிலையில்தான் காட்டும் என்பது எம் துணிபு.

அனுப்ப முடியாதபோது செண்ட் தருவது -1. அதற்கு உட்பிரிவுகள் பல. ஈஅகெய்ன் என்றால் 'இடமில்லை, அப்புறம் வா'. எதிர்முனை மூடிவிட்ட இணைப்பில் தொடர்ந்து எழுதினாலோ சிக்பைப் என்னும் சிக்னல் வரும்; அதைக் கையாளாமல் விட்டால் நிரலையே கொன்றுவிடும். பிறகு -1ஐக் கேட்க ஆளிருக்காது.

தரவு பஃபரை விட்டுக் கிளம்புவதிலும் ஒரு சிக்கல். ஓர் எழுத்தை அனுப்ப 40 பைட் தலைப்பும் சேர்ந்து 41 பைட் ஆகிறதே என்று நொந்தவர், ஃபோர்டு ஏரோஸ்பேஸில் இருந்த ஜான் நேகிள். முன்னதற்கு ஒப்புகை வரும்வரை சில்லறையைச் சேர்த்துவை என்று 1984இல் ஆர்எஃப்சி 896இல் விதித்தார். மறுமுனையோ, வெறும் ஒப்புகைக்கென்று ஒரு பாக்கெட் எதற்கு என்று தானும் தாமதிக்கும். இரண்டும் சிக்கனம், இரண்டும் காத்திருக்கும். ஒப்புகையின் தாமதம் அரை நொடிக்குள் இருக்க வேண்டும் என்று 1989இல் ஆர்எஃப்சி 1122 வரம்பு கட்டியதால் பிழைத்தோம். அவசரக்காரர்களுக்கு, நேகிளின் விதியை அணைக்கும் டிசிபி_நோடிலே உண்டு.

முடிபு: டிசிபியின் ஒப்புகைகூட மறுமுனைக் கர்னல் வாங்கிக்கொண்டதற்கே சாட்சி. அங்குள்ள நிரல் தரவைப் படித்ததா என்று தெரிய வேண்டுமானால், அந்த நிரலே பதில் எழுதியாக வேண்டும்.