இருபது வளைவுக்குக் கீழே கொரியா

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. மலர்க் கண்காட்சி பார்க்கக் கார்கள் வரிசை கட்டி மலையேறும். அதே மாதம் அதே மலையிலிருக்கும் மஞ்சக்குட்டை கிராமத்துக்கு வேறொரு வண்டி வரும். பிள்ளை பிடிக்கும் வண்டி. பூச்சாண்டிக் கதையில்லை. கீழே சமவெளியில் இருக்கும் தனியார் உறைவிடப் பள்ளி ஒன்றின் வேன்.

டீக்கடை பெஞ்சில் வழவழ நோட்டீஸை விரித்தார் வேனில் வந்தவர். காலை 4:30 எழுப்புதல். 5 மணிக்குப் படிப்பு. இரவு 10:30 வரை மேற்பார்வைப் படிப்பு. ஞாயிறு தேர்வு. விளையாட்டு என்று ஒரு வரி இருக்கிறதா எனத் தேடினேன். இருந்தது. கட்டடப் படத்துக்குக் கீழே, 'விசாலமான விளையாட்டு மைதானம்'. படத்தில் ஒரு பிள்ளையைக் காணோம். பெற்றோர் சந்திப்பு மாதம் ஒருமுறை. சேலம் மத்திய சிறையில்கூட மனுப் போட்டால் இதைவிடச் சீக்கிரம் முகம் பார்க்கலாம்.

"கொரியா மாடல் சார்," என்றார் வேன்காரர். "அங்க பசங்க பதினாறு மணி நேரம் படிக்கிறான். அதான் சாம்சங், ஹூண்டாய்."

பக்கத்தில் மிளகு பறிக்கும் பெரியவர் ஒருவர், ஒற்றை மூங்கில் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். "கொரியாவுல காப்பித் தோட்டம் இருக்குங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"அப்ப அப்பன்காரன் எதை வித்து ஃபீஸ் கட்டுறான்?"

வேன்காரருக்கு விடை தெரியவில்லை. நான் சொல்கிறேன், பெரியவரே. 2024-இல் மட்டும் கொரிய அப்பன்மார் டியூஷனுக்குக் கொட்டியது 29 லட்சம் கோடி வோன். பள்ளி விட்டதும் ஹாக்வான் எனும் டியூஷன் கடை. வீடு திரும்ப நடுநிசி. நாலு மணி நேரம் தூங்கினால் பாஸ், ஐந்து தூங்கினால் ஃபெயில் என்பது அங்கே பழமொழி. நவம்பரில் சுனுங் எனும் கல்லூரி நுழைவுத் தேர்வு நடக்கும்போது, காதால் கேட்டு எழுதும் ஆங்கிலத் தேர்வுக்காக நாடு முழுக்க விமானம் ஏறாது, இறங்காது. வானத்தையே வாய்மூட வைத்த நாட்டில், இளையோர் சாவுக்கு முதல் காரணம் தற்கொலை. பிள்ளையை வளர்த்துக் கட்டுப்படியாகாமல், பெறுவதையே குறைத்துவிட்டார்கள். 2023-இல் பெண் ஒருவருக்குச் சராசரியாக 0.72 பிள்ளை.

ஆனால் அந்த நாட்டுக்கு வெட்கம் இருந்தது. 1969-இல் சியோலில் நடுநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். 1974-இல் சியோலிலும் பூசானிலும் உயர்நிலைப் பள்ளிக்குக் குலுக்கல் முறை வந்தது. 1980-இல் ராணுவ ஆட்சி டியூஷனுக்கே தடை போட்டது. 2000-இல் நீதிமன்றம் அதை நீக்கியது. பிறகு ராத்திரி பத்து மணிக்கு ஹாக்வான் விளக்கை அணை என்றது சியோல். மீறுகிறவர்களைக் காட்டிக்கொடுத்தால் 2009-இல் சன்மானம்கூடக் கொடுத்தார்கள். வியாதி தீரவில்லை, வியாதி என்றாவது ஒப்புக்கொண்டார்கள். நம் வேன்காரரோ வியாதியை மட்டும் கலர் நோட்டீஸில் அச்சடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

2024 ஜனவரியில் கரூர்ப் பக்கத்துப் பள்ளிச் சிறுமிகள் மூவர், பி.டி.எஸ் பாடகர்களைப் பார்க்கக் கொரியாவுக்குக் கப்பலேறக் கிளம்பி, காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். ஊரே சிரித்தது. கொரியாவுக்குக் கப்பல் எதற்கு, கண்ணுகளா? ராசிபுரம் பஸ் போதாதா? முட்டைக்குப் பேர்போன நாமக்கல் சீமையில் 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்கள் சும்மாவா பேர் வைத்தார்கள்? ஒன்பதாம் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பாடம், பதினொன்றில் பன்னிரண்டு. இதைத் தடுக்க அரசு 2017-இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2025-இல் தானே எடுத்துவிட்டது. கோழிக்கூண்டின் கதவை ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்பி வந்தாகிவிட்டது.

கொடுமை கேளுங்கள். இதே மலையில் நூறாண்டு கண்ட ஆங்கிலவழி உறைவிடப் பள்ளி உண்டு. வெளியூர்ப் பணக்காரப் பிள்ளை காற்று வாங்கிக்கொண்டு படிக்க மலையேறி வருகிறது. மலைப்பிள்ளை காற்றில்லாமல் படிக்க இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகிறது. மலைக்குப் போதிய பள்ளியும் வாத்தியாரும் நேரத்துக்கு ஒரு பஸ்ஸும் கொடுத்திருந்தால் அந்த வேனுக்கு இங்கே என்ன வேலை? பழங்குடி மக்களின் ஓட்டுக்கு மலையேறத் தெரிந்தவர்களுக்கு, அவர்கள் பிள்ளையின் படிப்புக்கு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குகிறது.

கோழிப்பண்ணையில் ராத்திரியும் விளக்கு எரியும். வெளிச்சம் இருந்தால்தான் கோழி தீனி தின்னும். போன வருஷம் வேனில் ஏறிப்போன பையன் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தான். விடிகாலை நாலரைக்கு எழுந்து டியூப் லைட்டைப் போட்டு, சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கையில் புத்தகம்கூட இல்லை. "படுத்துக்க சாமி" என்று அவன் அம்மா ஸ்விட்சில் கை வைத்தாள்.

"அணைக்காதம்மா," என்றான். "வார்டன் வருவாரு."